ரிச்சி தெருவில் ஒரு மத்தியானம்

சென்னையில் பெண்கள் அறியாத கடைத்தெரு உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், போன வாரம் வரை "கிடையாது" என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பட்டுக்குத் தியாகராய நகர், காய்கறிக்குக் கோயம்பேடு, கோலப் பொடிக்கும் குங்குமச் சிமிழுக்கும் மயிலாப்பூர் மாடவீதி, எல்லாம் எனக்கு அத்துப்படி. ரிச்சி தெரு என் கர்வத்தைக் கொஞ்சம் அடக்கிவிட்டது.

அங்கே என்னை அழைத்துப் போனவன் என் தங்கையின் பிள்ளை. டிப்ளமோ படிக்கிறான். படிப்பைவிடக் கிதார்மேல் அவனுக்கு மோகம் அதிகம். நான் பித்தான்கள் போட்டு வைத்திருந்த பிஸ்கோத்துத் தகர டப்பாவை இரண்டு மாதத்துக்கு முன் கேட்டு வாங்கிப் போனான். அதற்குள்ளே மின்சாரச் சாமான்களைப் பொருத்தி, கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே வைத்துக் காலால் மிதித்தால், கிதாரின் ஓசை கரகரவென்று மாற வேண்டுமாம். மாறவில்லை. மிதித்தால் பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்த மாதம்தான் பரீட்சையில் ஒரு பாடம் போயிருந்தது. "முதலில் அந்த டப்பாவைத் தூக்கி எறி" என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். பிள்ளை கோபித்துக் கொண்டிருந்தால்கூட எனக்குக் கவலை இல்லை. "என் கைக்கு எதுவும் வராது, பெரியம்மா" என்றான். அதுதான் சுருக்கென்றது. "வா, எங்கே சாமான் வாங்கினாயோ அங்கேயே போய்க் கேட்போம்" என்று கிளம்பிவிட்டேன்.

மெட்ரோ ரயிலில் போகும்போது அந்தக் கரகரப்பின் பூர்வோத்தரத்தைச் சொன்னான். 1960-ல் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்தார்களாம். கிரேடி மார்ட்டின் என்பவர் கிதார் வாசித்தபோது, ஒலிப்பதிவுக் கருவியில் ஏதோ பழுது. ஓசை உடைந்து கரகரத்தது. அதை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-ல் பாட்டு வெளிவந்து பிரபலமாயிற்று. அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க, கிளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவாளர் ஒரு பெட்டி செய்யும் வேலையில் இறங்கினார். 1962-ல் அது கடைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தங்கள் பாட்டு ஒன்றில் அதை வைத்து வாசித்த பிறகு உலகமெல்லாம் அதற்கு மவுசு!

"கோளாறுக்கு ஒரு பெட்டி! அந்தப் பெட்டியிலும் கோளாறா?" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை சிரிக்கவில்லை.

அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பும் சந்துகளில் நுழைந்தோம். ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வடகத்தை உலர்த்தினாற்போல் சர்க்யூட் பலகைகள். சேமியாக் கற்றைபோல் வண்ண வண்ணக் கம்பிகள். கடுகும் வெந்தயமுமாகப் பிரித்து வைத்த சிறு சாமான்கள். ஒவ்வொரு கடையும் ஒரு பெரிய அஞ்சறைப்பெட்டிதான்! மோட்டார் சைக்கிளுக்கும் டீக்கடைப் பையனுக்கும் வழிவிட்டு நடப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

சாமான் வாங்கிய கடையில், மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஒலிபெருக்கி ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரைக் காட்டினார்கள். டப்பாவைத் திறந்து பார்த்தார். "மொத்தம் 11 சாமான். நல்ல பிளான்தான். அவசரப்படாதே தம்பி. கோளாறு எங்கே இருக்கிறதென்று தேடாதே, எங்கே இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வா" என்றார்.

முதலில் பாட்டரி. மீட்டரை வைத்தார், 9 வோல்ட்டுக்கு மேலேயே காட்டியது. அது கழிந்தது. பிறகு, பெட்டி வேலை செய்யாதபடி ஸ்விட்சைத் தள்ளி, கிதார் ஓசையை நேராகப் போகவிட்டார். தெளிவாகக் கேட்டது. ஆகவே செருகும் துளைகளும் வெளிக் கம்பிகளும் கழிந்தன.

அடுத்து ஒரு கம்பியின் நுனியில் சிறிய கண்டென்ஸர் ஒன்றைப் பற்றவைத்து, மறு நுனியை ஒலிபெருக்கியில் இணைத்தார். "அம்மா, நீங்கள் தந்தியை மீட்டிக்கொண்டே இருங்கள்" என்று கிதாரை என்னிடம் கொடுத்துவிட்டார்! ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து கிதார் வாசிப்பேன் என்று எந்த ஜோசியர் சொல்லியிருப்பார்?

நான் மீட்ட மீட்ட, அவர் கம்பி நுனியால் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுக்கொண்டு வந்தார். வாசலில் ஓசை இருந்தது. முதல் டிரான்ஸிஸ்டரைத் தாண்டியதும் பெருக வேண்டிய ஓசை முனகலாகத் தேய்ந்தது. இரண்டாவது டிரான்ஸிஸ்டரில் மீட்டரை வைத்தார். நாலரை வோல்ட் அளவில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்தான் இருந்தது.

"படத்தில் என்ன டிரான்ஸிஸ்டர் போட்டிருந்தது?"

"2என்3904. அது இல்லை, பி.சி.547 போடு, அதே வேலைதான் என்றார்கள்."

"அதே வேலைதான் தம்பி. ஆனால் கால் மாறியிருக்கிறதே!"

இரண்டுக்கும் மூன்று கால்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், நடுக்கால் இரண்டிலும் ஒன்றுதான். ஓரத்துக் கால்கள் மட்டும் இடம் வலமாக மாறிவிடுகின்றன. பிள்ளை படத்தைப் பார்த்து அப்படியே பொருத்தியிருக்கிறான். முந்தானையும் உள் தலைப்பும் மாறிப்போன புடவைபோல! புடவை நல்ல புடவைதான், கட்டியவளும் கெட்டிக்காரிதான். திருப்பிக் கட்ட வேண்டும், அவ்வளவே.

பெரியவர் சூடான பற்றவைப்புக் கோலை எடுத்து அவனிடமே நீட்டினார். "நீயே செய்."

பிள்ளையின் கை நடுங்கியது. முதல் டிரான்ஸிஸ்டரைக் கழற்றித் திருப்பி வைப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. இரண்டாவதில் நடுக்கமில்லை. மீட்டரை அவனே வைத்துப் பார்த்தான். "நாலரை இருக்கு, பெரியம்மா!"

கிதாரை வாங்கி ஒரு தந்தியை மீட்டி, டப்பாவை மிதித்தான். அடேயப்பா! சங்குச் சத்தமும் வண்டின் ரீங்காரமும் கலந்து வந்ததுபோல் ஒரு முழக்கம். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஓசையை அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது, அந்த வெட்டுத்தான் கரகரப்பு என்று பெரியவர் விளக்கினார்.

எனக்கோ எங்கள் பாட்டியின் தம்புரா நினைவு வந்தது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு சிறு நூலைச் செருகி, மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பாள். நூல் சரியான இடத்தில் அமர்ந்ததும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அதற்கு ஜீவா என்றே பெயர். நாதத்திலே கொஞ்சம் கரகரப்பு இருந்தால்தான் உயிர் என்று நம்மவர்களும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கரகரப்பு வர, நூல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டுமே!

கூலி எவ்வளவு என்று கேட்டேன். "ஈயம்கூடப் பையன்தானே வைத்தான்? டீ சொல்லுங்கள், போதும்" என்றார் பெரியவர்.

அன்று ராத்திரி தங்கை வீட்டுக் கூடத்தில் கிதார் முழங்கியது. அத்திம்பேர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். "என்னடா இது, கெட்டுப்போன ரேடியோ மாதிரி!"

"ஆமாம் அப்பா, அப்படித்தான் இருக்கணும்!"

அத்திம்பேர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாயிலே உட்கார்ந்தார்.

"எங்கே, அந்த டப்பாவைத் திற. உள்ளே என்ன செய்திருக்கிறாய் என்று பார்ப்போம்."