டெக்ஸாஸ் உணவும் விருதுநகர் அடுப்பும்

அயல்நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் எழும் ஐயம் ஒன்றுண்டு: கடையில் விற்கும் இந்த உணவு நமக்கு ஆகுமா, ஆகாதா? ஹூஸ்டன் நகரிலிருந்து நம் தம்பி மகன், "பெரியத்தா, ஃபஹீட்டா சாப்பிடலாமா?" என்று கேட்டபோது, "அது யாது?" என்று திருப்பிக் கேட்பதன்றி நமக்கு வேறு வழியில்லை.

விவரம் அறிந்ததும் ஐயத்தின் நியாயம் விளங்கிற்று. மாடு எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, உடன் தரும் ரொட்டியின் மாவைப் பன்றிக் கொழுப்பிட்டுப் பிசைவது அந்நாட்டுப் பழைய வழக்கம். கறி ஊறும் சாற்றில் மதுவைச் சேர்ப்பாரும் உளர். "ஹலால் கடையில் கறி வாங்கி வீட்டிலேயே செய்துகொள்" என்றோம். சொன்ன பின் நாமும் செய்து பார்க்க வேண்டாமா?

ஸ்பானிய மொழியில் 'ஃபாஹா' என்றால் இடுப்புக் கச்சை. மாட்டின் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பட்டைத் தசைக்கு அதையொட்டி வந்த பெயர் இது. டெக்ஸாஸ் எல்லைப் பண்ணைகளில் மாடு மேய்த்த மெக்சிகோக் கூலியாட்களுக்குத் தலை, குடல் முதலியவற்றோடு இந்தப் பட்டையையும் கூலியில் ஒரு பகுதியாகக் கொடுத்துவிடுவார்கள். நல்ல கறி முதலாளிக்கு. இன்றோ அதே பட்டை விலையேறி, பெரிய உணவகங்களில் புகையப் புகைய வந்து நிற்கிறது. மருந்தறையில் கை கறுத்தவர் வீட்டுத் தீபாவளியையும் கடைத்தெருத் தீபாவளியையும் ஒருங்கே கண்ட சிவகாசி வட்டாரத்தாருக்கு இது புதுக்கதையன்று.

உடன் வைக்கும் சோறு நமக்கு இன்னும் நெருக்கம். ஸ்பெயினில் நெற்பயிரைப் பரப்பியவர்கள் அந்தலூசிய முஸ்லிம்கள். அரபியின் 'அர்ருஸ்' அங்கே 'அரோஸ்' ஆயிற்று. 'லைமூன்' 'லிமோன்' ஆயிற்று. இரண்டும் கப்பலேறி மெக்சிகோ சென்றன. அந்தப் பக்கத்து மிளகாய் போர்த்துகீசியரோடு நம் கரைக்கு வந்தது. அது வாராதிருந்தால் விருதுநகர்ச் சந்தையில் வத்தல் விலை ஏது? அரிசியை எண்ணெயில் வறுத்துத் தக்காளிச் சாற்றில் வேகவைக்கும் அந்தச் சோறு நம் நெய்ச்சோற்றுக்குத் தங்கை முறை.

நம்மூர்க் கறிக்கடையில் அந்தப் பட்டையைத் தனியே கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எலும்பில்லாத இளங்கறி போதும். நாருக்குக் குறுக்கே மெல்லியதாக அரிய வேண்டும். நாரோடு அரிந்தால் பல்லுக்கு வேலை. எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீரகத்தூள், சாத்தூர் வத்தல் தூள், உப்பு சேர்த்து ஒரு மணி நேரம் ஊறட்டும். இரும்புத் தோசைக்கல் புகையெழக் காய்ந்தபின் சிறிது சிறிதாக இட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கறி நீர்விட்டு வெந்துபோகும். வாட்டிய மணம் வாராது. அதே கல்லில் வெங்காயமும் குடைமிளகாயும் வதங்கும். ரொட்டிக்கு மைதாவை எண்ணெயிட்டுப் பிசைந்தோம். பொரித்த பரோட்டாவில் வளர்ந்த விருதுநகர்ப் பிள்ளைகள், "சால்னா எங்கே?" என்றார்கள். கேட்க மாட்டார்களா, பின்னே!

குவாக்கமோலி என்னும் துவையலுக்கான வெண்ணெய்ப்பழம் கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் விளைகிறது. மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்தால் முடிந்தது. நம் அன்னையார் மட்டும், "பழத்தில் வெங்காயமா!" என்று வியந்து, மசிக்குமுன்பே ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டார், மறுநாள் பாலும் சர்க்கரையும் சேர்த்து அருந்துவதற்காக.