சொந்த மேடை

1952இல் ‘தாய் உள்ளம்’ என்றொரு படம் வந்தது. அதில் கதாநாயகன் ஆர். எஸ். மனோகர், வில்லன் ஜெமினி கணேசன். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதற்கு முந்தின வருஷம், ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவலை வைத்து எடுத்த ‘ராஜாம்பாள்’ படத்திலும் மனோகர்தான் நாயகன். சில வருஷம் போவதற்குள் ஜெமினி காதல் மன்னனாகிவிட்டார். மனோகரோ படத்தின் கடைசி ரீலில் நாயகனிடம் அடி வாங்கிச் சாய்கிற ஆளாகிவிட்டார்.

இப்படி ஓர் இறக்கத்தை நம்மில் எத்தனை பேரால் தாங்க முடியும்? முன்வரிசை நாற்காலி பின்வரிசைக்குப் போனதற்காக ஆயுசு முழுக்கக் கசந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் வேலை இருந்தது, திறமை இருந்தது, ஆனால் வாயைத் திறந்தால் அந்த ஒரு குறைதான். மனோகர் அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று எனக்கு ரொம்ப நாள் யோசனை. இந்த வயசில் ஓரளவு புரிகிறது. அதை இளையவர்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் நம்ம நாமக்கல்காரர். 1925 ஜூன் 29இல் பிறந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் லட்சுமிநரசிம்மன். ஊருக்கு நடுவில் நிற்கும் மலையைக் குடைந்து நரசிம்மருக்குக் கோயில் கட்டிய ஊரில் அந்தப் பெயர் வைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்தக் குடைவரைக்குள் போய் நின்று பார்த்தால், இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் சிற்பத்தை இன்றைக்கும் பார்க்கலாம். கிழிக்கிறவரின் பெயரைச் சுமந்து பிறந்த பிள்ளை, கிழிபட்டவர்களின் வேஷம் கட்டியே பெரிய ஆளானது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகத்தில் நடித்த பிறகு அந்த வேஷத்தின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை நாடகம் எடுத்துக்கொண்டது.

1954இல் அவர் நேஷனல் தியேட்டர்ஸ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அந்த வருஷத்தைக் கவனிக்கவேண்டும். டெண்டுக் கொட்டகைகள் ஊருக்கு ஊர் முளைத்த காலம் அது. பையன்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தன. நாடகத்தில் பேர் வாங்கியவர்கள் எல்லாரும் கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறினார்கள். ‘பராசக்தி’க்குப் பிறகு சிவாஜியைப் பார்த்த எந்த நாடக நடிகனுக்குத்தான் அந்த ஆசை வராது? கோடம்பாக்கத்தில் ஏற்கெனவே நாயகனாக நின்றிருந்த ஒருவர், அதே நேரத்தில் எதிர்த்திசையில் நடந்து நாடகக் கம்பெனி வைத்தார்.

வைத்ததும் சின்னக் கம்பெனி இல்லை. பின்னாளில் சென்னை சபாக்களில் நாடகம் என்றால் ஒரு சோபா, ஒரு டெலிபோன், நாலு சிரிப்பு என்று சுருங்கியது. சிக்கனமான ஏற்பாடு, அதிலும் நல்ல நாடகங்கள் வந்தன. நான் குறை சொல்லவில்லை. மனோகரின் மேடைக்கு அரண்மனை வேண்டும், போர்க்களம் வேண்டும், கடல் வேண்டும், தந்திரக் காட்சிகள் வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் காடு போய்க் கொலுமண்டபம் வந்து நிற்கும். நாடக மேடையில் நவாப் ராஜமாணிக்கம் காட்டிவிட்டுப் போன பிரம்மாண்டத்தை, அதற்குக் காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்ன பிறகு, இவர் தோளில் தூக்கிக்கொண்டார்.

இதற்கெல்லாம் பணம்? சினிமாவில் வாங்கியதை மேடையில் போட்டார். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வண்ணக்கிளி’ (1959), ‘கைதி கண்ணாயிரம்’ (1960), ‘வல்லவனுக்கு வல்லவன்’ (1965), ‘இரு வல்லவர்கள்’ (1966) என்று வரிசையாக அவர் இருக்கிறார். ‘வண்ணக்கிளி’யில் அவர் செய்த முரட்டு வில்லனைப் பார்த்துவிட்டுக் கொட்டகையில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அந்த ஸ்டூடியோ வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இதற்குள் வாங்கின சம்பளம் எத்தனை ஊர் மேடைகளில் இராவணனின் இலங்கையாக எழும்பியதோ என்று நினைத்துக்கொள்வேன். எம்.ஜி.ஆர். படங்களில் ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘அடிமைப் பெண்’, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ என்று வில்லன் வேஷம் வந்துகொண்டே இருந்தது. அடி வாங்குகிற வேஷம்தான். ஆனால் ராத்திரி ஏழு மணிக்குச் சபாவில் மணி அடித்துவிட்டால் அவர் இலங்கைக்கு ராஜா. அவரை இறக்கிவைக்க அங்கே ஒருவராலும் முடியாது.

‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். துறையூர் மூர்த்தி எழுதியது. ஆயிரம் தடவைக்கு மேல் மேடையேறியது. அதில் சீதை இராவணனுக்குப் பிறந்த மகள். இது யாரோ வீம்புக்குக் கட்டிய கதை இல்லை. சமண ராமாயணங்கள் சிலவற்றில் பழைய காலத்திலேயே உண்டு. ஆனாலும் கம்பனையும் பஜனை மடத்தையும் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு முன்னால் அதை வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

சேலம் பொருட்காட்சியில் நான் அதைப் பார்த்தேன். பக்கத்தில் என் அம்மா. புரட்டாசி சனிக்கிழமை பச்சைத்தண்ணி பல்லில் படாமல் விரதம் இருந்து, வாசலில் கோவிந்தா போட்டு வருகிறவர்களுக்கு முறத்தில் அரிசி போடுகிற பெண். இராவணன் பேரைச் சொன்னாலே ‘அந்தப் பாவி’ என்பாள். திரை விலகியதும் மனோகர் வந்து நின்ற நிலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒன்றும் உயரமான ஆள் இல்லை. கட்டுமஸ்தான உடம்பு, அடர்ந்த புருவம், அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். வசனத்தின் கடைசிச் சொல்லைத் தேய விடமாட்டார். கடைசி பெஞ்சுக்கும் அது முழுசாக வந்து சேரும். மகள் என்று தெரிந்தும் வெளியே சொல்ல முடியாமல் அவர் மேடையின் குறுக்கே நடந்தார். அந்த நடைக்கு வசனமே இல்லை. கிரீடத்தின் கனத்தைத் தாங்க முடியாதவர்போல, கழுத்து மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பஸ்ஸுக்கு நடக்கும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “பாவம் சாமி, என்ன இருந்தாலும் பெத்தவன் இல்லியா” என்றாள். ஒரு வாழ்நாள் பகையை மூன்று மணி நேரத்தில் ஒரு மனுஷன் கரைத்துவிட்டான்.

‘சூரபத்மன்’, ‘நரகாசுரன்’, ‘சிசுபாலன்’, ‘துரியோதனன்’, ‘சுக்ராச்சாரியார்’ என்று அவர் தொடர்ந்து எடுத்ததெல்லாம் தோற்றவர்களின் கதை. தோற்றவனுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் விடியற்காலையில் கூட்டம் கண்ணீரோடு பார்ப்பது அருச்சுனனை அல்ல. கர்ண மோட்சத்தில் கர்ணனை. பதினெட்டாம் போரில் துரியோதனனை. திரையைப் பிடித்துக்கொண்டு, மத்தளமும் முகவீணையும் ஏறுமுகத்தில் போக, புஜகீர்த்தியும் கிரீடமுமாய் அவன் வரும்போது பாய் போட்டுத் தூங்கியவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். மனோகர் இதைப் பார்த்துத்தான் அப்படிச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ள எங்கள் மனசு தயாராக இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

நாடகம் முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் மேடைப் பக்கம் நின்றேன். சற்று முன் தங்கமாய் ஜொலித்த தூண்களைக் காக்கி டவுசர் போட்டவர்கள் அவிழ்த்துச் சாய்த்தார்கள். பின்பக்கம் வெறும் சட்டமும் சாக்குத்துணியும். கயிறு, இரும்புக் குழாய், சக்கரம் வைத்த பலகை என்று ஒவ்வொன்றும் அதனதன் வரிசையில் லாரிக்குப் போனது. லாரிக்குப் பாடி கட்டுகிற ஊர் எங்களுடையது. பாரம் ஏற்றுவதைப் பார்த்தால் செலவு எவ்வளவு என்று மனசு தானாகக் கணக்குப் போடும். அத்தனை பேருக்குச் சாப்பாடு, படி, லாரி வாடகை. மழை வந்து ஆட்டம் நின்றால் அதுவும் கைநஷ்டம். ஒரு சினிமா நடிகர் பங்களாவும் தோட்டமும் வாங்கக்கூடிய பணம் ஊர் ஊராக லாரியில் போய்க்கொண்டிருந்தது.

பிழைப்பு ஒன்று, உயிர் ஒன்று என்று இரண்டு இருந்தால் அவற்றை ஒன்றுக்கொன்று பகையாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். பிழைப்பைத் திட்டிக்கொண்டே பிழைப்பார்கள். மனோகர் வில்லன் வேஷத்தை அலட்சியமாகச் செய்ததே இல்லை. கூலி வாங்குகிற வேலையையும் சுத்தமாகச் செய்தார். அதை அவரால் மனக்கசப்பில்லாமல் செய்ய முடிந்ததற்குக் காரணம், தன்னை அளக்கும் கோலை அவர் சினிமாக்காரர்கள் கையில் கொடுக்கவில்லை. என் யோசனைக்குக் கிடைத்த விடை இதுதான்.

டெலிவிஷன் வந்தது. 1987இல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணமே வீட்டுக்கு வந்துவிட்டது. தந்திரக் காட்சிக்கு இனி யார் டிக்கெட் வாங்குவார்கள் என்றார்கள். அவர் நிறுத்தவில்லை. பிற்காலத்தில் அசுரர்களை விட்டு ‘திருநாவுக்கரசர்’ போட்டார். நாடகக் காவலர் என்று ஜனங்கள் அவரைச் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. 2006 ஜனவரி 10இல் சென்னையில் காலமானபோது அவருக்கு எண்பது வயசு.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பகலில் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை. மாசி, பங்குனி வந்தால் ராத்திரியில் கூத்துக்குப் போவான். இதை விட்டுவிட்டு ஓவர்டைம் பார்க்கச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். மனோகரைப் பற்றி இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நாடகத்துல நஷ்டம் வந்த மாசம் ஆளுங்களுக்குச் சம்பளம் எப்படிங்க தாத்தா குடுத்தாரு?” அடுத்த பட ஷூட்டிங் பணம் வந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். அப்படியானால் ஓவர்டைமை ஆடி முடிய வைத்துக்கொள்கிறேன், மாசிக்கு முன்னால் புதுக் கிரீடத்துக்கு முருங்கைக்கட்டை வாங்கியாகவேண்டும், இந்த வருஷம் துரியோதனன் எனக்கு என்றான்.