ஸ்கூலிங் அண்ணன்

நான் தொடக்கப்பள்ளி நான்கில் படித்த வருஷம் அது. தேசிய தினம் முடிந்து நாலு நாள் ஆகியும் எங்கள் புளோக்கில் யாரும் கொடியை அவிழ்க்கவில்லை. 2016 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. வழக்கமாக அந்த நேரத்தில் துணைப்பாட வகுப்பில் இருப்பேன். அன்று அம்மாவே, "இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்" என்றுவிட்டார். இரவு வேலை முடித்து வந்த அப்பா, உடுப்புகூட மாற்றாமல் கோப்பி ஓவோடு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு மலாய் மக்சிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். தாழ்வாரம் முழுக்க ஒரே வர்ணனை.

காலை ஒன்பது மணி தாண்டியதும், ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சல் இறுதிப் போட்டி. எனக்குத் தெரிந்த ஒரே பெயர் மைக்கேல் ஃபெல்ப்ஸ். எங்கள் சிங்கப்பூர் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் ஐம்பது மீட்டரில் திரும்பும்போதே முன்னால் இருந்தார். "விட்டுடாத, விட்டுடாத" என்று அப்பா நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். 50.39 விநாடி, புதிய ஒலிம்பிக் சாதனை. ஃபெல்ப்ஸ், சாட் லெ குளோ, லாஸ்லோ செ மூவரும் 51.14-இல் ஒன்றாக வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம்! பள்ளியில் தினமும் தூக்கக் கலக்கத்தில் பாடும் 'மஜுலா சிங்கபூரா' ரியோவில் ஒலித்தபோது, அப்பா எங்கள் வரவேற்பறையில் எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம்.

அதற்குப் பிறகு வட்டார நீச்சல் குளத்தில் எந்தப் பையனும் சும்மா நீந்தவில்லை. எல்லாருக்கும் வண்ணத்துப்பூச்சிதான் வேண்டும். பயிற்றுநர் எங்களைச் சுவரோரம் வரிசையாகப் பிடித்து நிறுத்தி, "முட்டியால உதைக்காதே, இடுப்பிலிருந்து வரணும்" என்று கத்துவார். கை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கால் இரண்டு முறை உதைக்க வேண்டும்; கை தண்ணீரில் விழுமுன் தலை உள்ளே போயிருக்க வேண்டும். முடிவில் இரண்டு கையாலும் ஒருசேரச் சுவரைத் தொட வேண்டும். பாதிக் குளம் தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். நூறு மீட்டர் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் புரிந்தது.

மிச்சக் கதையைச் சாப்பாட்டு மேசையில் அப்பா சொன்னார். 2008-இல் பெய்ஜிங் போகும் வழியில் அமெரிக்க அணி இங்கே பயிற்சி எடுத்தபோது, பதின்மூன்று வயது ஸ்கூலிங் ஃபெல்ப்ஸுடன் படம் எடுத்துக்கொண்டாராம். மறுவருஷமே நீச்சலுக்காக ஃபுளோரிடா பயணம். பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எடி ரீஸிடம் பயிற்சி. ஸ்கூலிங் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெற்றோர் மாறி மாறி அமெரிக்கா போய்க் கூட இருந்திருக்கிறார்கள். அப்பா பத்து லட்சம் வெள்ளிப் பரிசைப் பற்றிப் பேசினார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "பதினாலு வயசுப் பிள்ளைய எப்படிங்க அனுப்பினாங்க?"

நான் உயர்நிலை மூன்றில் இருந்தபோது தோக்கியோ ஒலிம்பிக் வந்தது. ஸ்கூலிங் தகுதிச் சுற்றில் தம் பிரிவில் கடைசியாக வந்தார். தங்கம் வென்றபோது அவருடைய வெற்றி ஊர்வலப் பேருந்துக்குக் கையசைத்த அதே ஊரில் சிலர் இணையத்தில் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். அப்பா என் கைப்பேசியை வாங்கி நாலு வரி படித்துவிட்டு, "இவனுங்கள்ல எவன் குளத்துல குதிச்சிருக்கான்?" என்று திருப்பிக் கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்கூலிங்கின் தந்தை காலமானார். 2024 ஏப்ரலில், 28 வயதில், ஸ்கூலிங் ஓய்வை அறிவித்தார்.

தங்கம் வென்றபோது நம்ம பையன் என்று சொன்னோம். தோற்ற அன்றைக்கும் அவர் நம்ம பையன்தான். அடுத்த பிள்ளை குளத்தில் இறங்கும்போதாவது இதை நாம் மறக்கக் கூடாது.