மொய் நோட்டும் தூத்துக்குடியும்

தூத்துக்குடிக் கிளைக்குப் போகிறீர்களா என்று முதலாளி கேட்டபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. சென்னை மண்ணடியில் இருக்கிற கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம் எங்களுடையது. ஏற்றுமதிக் கோப்புகள் என் பொறுப்பு. அங்கே இருந்தவர் வேலையை விட்டுவிட்டார், சம்பளம் கூட்டித் தருகிறோம், வீட்டு அட்வான்ஸையும் கம்பெனியே கட்டிவிடும், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். 2024 பொங்கல் முடிந்த கையோடு கேட்ட கேள்வி. நெட்டுக்குப்பத்துக்காரியிடம் இதைக் கேட்க அதைவிட நல்ல நேரம் அமையாது.

ஏனென்றால் அதற்கு முந்தைய டிசம்பரில் எங்களுக்கு நடந்தது அப்படி. எங்கள் நெட்டுக்குப்பம் எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, சுவர், நாய், கொக்கு எதுவும் தப்பவில்லை. என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டின் பக்கவாட்டைத் தேங்காய் நாரும் டீசலும் வைத்துத் தேய்த்தார். நாருக்குள் போன கறுப்பு அவர் நகக்கண்ணுக்குள் ஏறியதுதான் மிச்சம். வலையைத் தேய்க்க வழியே இல்லை, தூக்கிப் போட்டோம். அந்தப் பேச்சு அடங்குவதற்குள், 26ஆம் தேதி நடு இரவில், கடலுக்கடியில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். சின்னகுப்பத்தில் வாக்கப்பட்ட என் அக்கா, ஈரத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் கண்ணைத் திறக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

அந்த வாரத்தில் யார் எங்கே கூப்பிட்டிருந்தாலும் மூட்டை கட்டியிருப்பேன்.

ஆனால் தூத்துக்குடியின் டிசம்பர் எங்களுடையதைவிட எந்த வகையில் மேல்? நாங்கள் எண்ணெயில் நின்ற அதே மாதம் 17, 18 தேதிகளில் அந்த மாவட்டம் தண்ணீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் கிளை அலுவலகத்தின் தரைத்தளத்தில் கோப்பு அலமாரியின் இரண்டாம் தட்டு வரை தண்ணீர். வேலையை விட்ட மனிதர் விட்டதற்கும் அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

உட்கார்ந்து யோசித்தால் சிரிப்புதான் வந்தது. இங்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட். 1970இல் தொடங்கி 2017 மார்ச் மாதத்தோடு மூடினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டியே 1,050 மெகாவாட்டில் ஓர் அனல்மின் நிலையம். இங்கே 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், இப்போது காமராஜர் பெயரில்; அங்கே 1974இல் பெருந்துறைமுகமான வ.உ.சி. துறைமுகம். இங்கே அத்திப்பட்டுப் பக்கம் உப்பளம் சுருங்கிக்கொண்டே போகிறது, அங்கே கண்ணுக்கெட்டிய வரை உப்பளம். ஆலைப் புகையைப் பற்றி அந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2018 மே மாதம் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் பதின்மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நிலக்கரி, உப்பு, கண்டெய்னர் லாரி, மீன் வாடை எல்லாம் கூடிய ஓர் இடத்திலிருந்து அதே நான்கும் கூடிய இன்னோர் இடத்துக்கு, நாற்பத்தெட்டு வயதில், வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நல்ல காற்றுக்காக ஊர் மாறுகிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. அந்த ஊர் மக்ரூன் நன்றாக இருக்கும், அது உண்மை.

என் வேலைக்கு ஊர் ஒரு பொருட்டில்லை. ஷிப்பிங் பில்லை கஸ்டம்ஸ் இணையதளமான ஐஸ்கேட்டில் ஏற்றுகிறோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எடைச் சான்று எல்லாம் எந்தத் துறைமுகத்துக்கும் ஒன்றுதான். இங்கே கிரானைட்டும் தோலும் என்றால் அங்கே திருப்பூர் பனியனும் கரூர் படுக்கை விரிப்பும். இறக்குமதியில் முந்திரிக் கொட்டையும் மரமும் கூடுதல். ஒரு மாதத்தில் பிடித்துவிடுவேன். என்னைப் போன்ற பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்தது இந்த ஆன்லைன் வசதியால்தான். முன்பு ஒவ்வொரு கையெழுத்துக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸ் மாடிப்படியில் ஆண்களோடு முண்டியடிக்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு அப்படி இல்லை. "உனுக்கு கம்ப்யூட்டர் எங்க இருந்தாலும் கம்ப்யூட்டர்தான். நான் அங்க போயி இன்னா பண்றது, கரையில நின்னு வேடிக்க பாக்கறதா?" என்றார். கடல் ஒன்றுதானே என்று வெளியார் நினைப்பார்கள். ஒரு குப்பத்தில் படகை இறக்க அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், ஊர் வரி கட்டியிருக்க வேண்டும், பஞ்சாயத்தார் உங்கள் அப்பா பெயரைச் சொல்ல வேண்டும். ஆற்றில் இறாலுக்கு வலை வைக்கக்கூட முறை இருக்கிறது. இன்றைக்கு யார் பாடு, நாளைக்கு யார் பாடு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வேற்றூர்க்காரனுக்கு எந்த நாளும் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்து நிவாரணமானாலும், எண்ணெய் வந்ததற்குக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் கொடுத்ததானாலும், எல்லாம் அட்டையையும் விலாசத்தையும் பார்த்துத்தான். முகத்துவாரத்தில் எந்தப் பக்கம் மணல் மேடு தட்டியிருக்கிறது, எந்தக் காற்றில் எந்த இடத்தில் மடவை ஒதுங்கும் என்று அவர் முப்பது வருஷமாகச் சேர்த்த அறிவுக்கு மற்ற ஊரில் சம்பளம் கிடையாது. ஐம்பது வயது ஆணை அங்கே கூட்டிப்போனால் கண்டெய்னர் கிடங்கில் செக்யூரிட்டி வேலைதான் கிடைக்கும். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவரே சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பத்து ஜனங்களுக்கு ஊர் மாறுவது என்றால் யாரோ வந்து மாற்றுவது. சுனாமிக்குப் பிறகு பல கடலோரத்துக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் போயின. கால்வாய்க் கரையில் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். என் சித்தி பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். வீடு பழுதில்லை, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே. ஆனால் காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்கு அவள் அங்கிருந்து எப்படி வருவாள்? மீன் கூடை பரணுக்குப் போய்விட்டது. நீங்கள் விரும்பினால் போகலாம் என்று எங்கள் தெருவில் ஒருவரிடம் சொன்னது, எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அதனால்தானோ என்னவோ பதில் சொல்லவே பழக்கமில்லாமல் போயிற்று.

இரவில் நான் எடுத்துப் பார்த்தது மொய் நோட்டை.

எங்கள் வீட்டில் அது இரண்டு. ஒன்று மாமனார் காலத்து நீளக் கணக்கு நோட்டு; அட்டை போய் முருகன் காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது. மற்றது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் எழுதுவது. இடது பக்கம் நமக்கு வந்தது, வலது பக்கம் நாம் செய்தது. "தாழங்குப்பம் பெரியம்மா பேத்தி மஞ்சள் நீர், 101, எவர்சில்வர் குடம் 1." "காட்டுக்குப்பம் சின்ன மாமா வீடு, காதுகுத்து, 201." பக்கம் புரளப் புரள 501 ஆகிறது, 1001 ஆகிறது, இரண்டு இடத்தில் கால் சவரன் மோதிரம். வந்ததற்கு மேல் கொஞ்சமாவது போட்டுத் திருப்ப வேண்டும் என்பதால் கணக்கு எப்போதும் நேராகாது. நேரானால் உறவு முடிந்தது என்று அர்த்தம். எங்கள் நோட்டில் வலது பக்கம்தான் கனம். எனக்கு இரண்டே பிள்ளைகள், விசேஷம் குறைவு. போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், கடைசியில் எடுக்கலாம் என்று வைத்த சீட்டு மாதிரி. இப்போது பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம். எடுக்கிற நேரத்தில் ஊரை விட்டுக் கிளம்புவதா?

பணத்துக்குத்தானே என்று கேட்டால், பணத்துக்கும்தான். பந்தல் செலவு எனக்குத் தெரியும். ஆனால் நோட்டில் ஏறாத கணக்கும் உண்டு. அமோனியா ராத்திரியில் அக்கா குடும்பத்தைக் கொண்டுவந்து விட்ட ஷேர் ஆட்டோக்காரர் காசு வாங்காமல் அடுத்த சவாரிக்குத் திரும்பினார். அதை எந்தப் பக்கத்தில் எழுத? அவர் மகன் காதுகுத்துக்கு நான் போகாமல் இருக்க முடியுமா? மாமியார் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது முறை வைத்து ராத்திரி படுத்த பெண்கள் நான்கு பேர். அவர்கள் வீட்டில் யாராவது விழுந்தால் அந்த ராத்திரி என்னுடையது. இருபது வயதில் இதெல்லாம் கிடையாது, பையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கோ துபாய்க்கோ போய்விடலாம். எழுபதில் பெரும்பாலும் கணக்கு முடிந்திருக்கும். நடுவயதில்தான் கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் ஒரே நேரத்தில் உச்சத்தில் நிற்கின்றன.

இதை ஊர்ப்பற்று என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். எங்கள் கடற்கரையில் பாதியில் நிற்கும் பாலத்தில் சூரிய உதயத்தைப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வருகிறார்கள். இந்த அனல்மின் நிலையச் சாம்பலில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் பாதி, இந்த மண்ணை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிப் போகிறவர்கள் மீதி. இரண்டு கூட்டமும் எட்டரை மணிக்கெல்லாம் விம்கோ நகர் மெட்ரோவைப் பிடித்துவிடும். இருப்பவர்கள் போராளிகளும் இல்லை, போகிறவர்கள் துரோகிகளும் இல்லை. அதிலும் வீட்டை விற்றுவிட்டுப் போ என்பது சுலபம். எங்கள் தெருவில் பட்டா உள்ள வீடு எத்தனை? பட்டா இல்லாத வீட்டுக்கு வாங்குகிறவன் சொல்வதுதான் விலை.

கணக்கு மனிதரைக் கட்டிப்போடவும் செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு மூச்சுத் திணறல். இந்தக் காற்று ஆகாது என்று டாக்டர் சொல்ல, செங்கல்பட்டுப் பக்கம் குடிபோனார். இப்போது திருவிழாவுக்கு வரும்போது பார்த்தால் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறார், இன்ஹேலர் சட்டைப் பையில் இல்லை. அவர் போனது சரி. ஆனால் அங்கே அவர் மகன் கல்யாணம் நடந்தபோது ஊரில் பாதிப் பேர் வேன் பிடித்துப் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. நான் கவரில் வைத்து ஆள்மேல் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு அலுவலகத்தில் கப்பல் கட்-ஆஃப், கெடு முடிகிற நாள். அதே மண்டபம் எண்ணூரில் இருந்திருந்தால் சாப்பாட்டு நேரத்துக்காவது ஓடிப்போய் முகம் காட்டியிருப்பேன். விலகிப் போனவர்களை யாரும் வெறுப்பதில்லை, தூரத்தைக் காரணமாகச் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஒரு வசதி வந்துவிடுகிறது.

மாமியாரிடம் கடைசியாகத்தான் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "போ, வேணான்னு சொல்லல. நான் செத்தா என்ன எங்க கொண்டும்போயி வைப்ப, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஏற்பாடு என்ன என்று கேட்கிறார், அவ்வளவுதான். என்னிடம் ஏற்பாடு இல்லை.

நான் மட்டும் போய்த் தங்கி, மாதம் ஒரு தடவை முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்துபோவது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம்; ரயில் கஷ்டமில்லை. கூட்டித் தருகிற சம்பளத்தில் அங்கே ஒரு வாடகை, ஒரு அடுப்பு, ரயில் செலவு போனால் கையில் நிற்பது ஒரு சிலிண்டர் காசு. அதற்காக மகளுக்கு வரன் பார்க்கிற வருஷத்தில் வீட்டில் நான் இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை முதலாளியிடம் முடியாது என்றேன். ஏன் என்றார். மகள் கல்யாணம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் மொய் நோட்டு இருக்கும்.

அந்த இடத்துக்கு வண்ணாரப்பேட்டைப் பையன் ஒருவன் போனான். வயது இருபத்தாறு, கல்யாணமாகவில்லை. தொடக்கத்தில் முந்திரிக் கொட்டை டாகுமென்டில் சந்தேகம் கேட்டு நாள்தோறும் போன் செய்வான். இப்போது அவனே பார்த்துக்கொள்கிறான், நான் சொல்லிக் கொடுத்ததைவிடச் சுருக்கமான வழி வேறு கண்டுபிடித்துவிட்டான். போன வாரம் கூப்பிட்டு வேலை விஷயம் எதுவும் பேசவில்லை. "அக்கா, வீடு மாத்தலாம்னு இருக்கேன். கிரவுண்ட் ஃப்ளோர்ல நல்ல வீடு ஒண்ணு வாடகை கம்மியா வருது" என்றான். ஏன் கம்மி என்று ஓனரைக் கேட்டாயா என்றேன். கேட்கவில்லையாம். சுவரில் எந்த உயரம் வரை புது வெள்ளை அடித்திருக்கிறது என்று பார், இல்லையென்றால் பேசாமல் மாடியிலேயே எடு என்று சொல்லி வைத்தேன்.