மெதுவாய் ஏற வேண்டிய மலை



பிறர் இல்லத்தில் நுழைவோர் இருவகையினர். வாயிலில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருப்போர் அழைத்தபின் நுழைபவர் விருந்தினர். கதவை உடைத்துக்கொண்டு நுழைபவர் வேறு. இவ்வேறுபாட்டைப் பெரு நாட்டில் நான் மேற்கொண்ட ஓர் இரயில் பயணம் எனக்கு நன்கு உணர்த்திற்று.

லீமா நகரில் கூட்டமொன்று முடிந்தபின் எனக்கு நான்கு நாட்கள் ஓய்வு கிடைத்தது. ஆண்டெஸ் மலைகளிடையே சிதைந்து கிடக்கும் மாச்சு பிச்சு என்னும் இன்கா நகரைக் காண விழைந்தேன். சுற்றுலாக் குழு எதிலும் சேராமல் தனியே புறப்பட்டேன்.

முதலில் விமானத்தில் குஸ்கோ சென்றேன். இன்கா பேரரசின் தலைநகராய் விளங்கிய அவ்வூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. இறங்கியவுடனேயே ஊர் சுற்றக் கிளம்பினேன். அரைமணி நேரத்தில் தலை சுற்றிற்று, மூச்சு முட்டிற்று. விடுதியிலிருந்த மூதாட்டி, அந்நாட்டு வழக்கப்படி கோக்கா இலையிட்ட வெந்நீர் தந்து, "எங்கள் மலைக்கு அவசரக்காரரைப் பிடிக்காது, பாத்ரே" என்று எனக்கு விளங்கும்படி சொன்னார். அன்று முழுவதும் படுத்தே கிடந்தேன். அங்குச் செல்வோர் முதல் நாளை ஓய்வுக்கென ஒதுக்குவது நலம்.

மறுநாள் சாந்தோ தொமிங்கோ ஆலயம் சென்றேன். அது கோரிகாஞ்சா என்னும் இன்காக்களின் கதிரவன் கோயில்மீது எழுப்பப்பட்டது. பொற்றகடுகள் வேய்ந்த சுவர்கள் அக்கோயிலுக்கு இருந்தன. 1532-இல் பிசாரோவின் படை மன்னன் அதவால்பாவைச் சிறைபிடித்தது. அவனது விடுதலைக்கு விலையாக இத்தகடுகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. பொன்னைப் பெற்ற பின்னரும் 1533-இல் மன்னனைக் கொன்றனர். அப்படையுடன் துறவி ஒருவரும் வந்திருந்தார். அதை எண்ணியபோது, முழந்தாட்படியிட்டிருந்த எனக்குச் செபம் எழவில்லை. 1950-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஆலயம் பெருஞ்சேதமுற்றது. அடியிலிருந்த இன்கா சுவர்களோ நிலைத்து நின்றன.

பின்னர் ஒய்யந்தைதம்போ என்னும் ஊர்வரை வேனில் சென்று இரயிலேறினேன். இரயில் சீட்டையும் நகரின் நுழைவுச் சீட்டையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு; நுழையும் நேரமும் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பாஸ்போர்ட் கையில் இருத்தல் வேண்டும். பெரிய பெட்டிகளைக் குஸ்கோவிலேயே விட்டுச் செல்வது நன்று.

மூன்றடி அகல இருப்புப்பாதையில், உருபாம்பா ஆற்றை ஒட்டியே வண்டி சென்றது. மலைநகருக்கு ஏறிச் செல்வோம் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் இறங்கிச் சென்றோம்! பனிச் சிகரங்கள் மறைந்து பசுங்காடு சூழ்ந்தது. இரண்டு மணி நேரத்திற்குள் மலையடிவாரத்துச் சிற்றூரான ஆகுவாஸ் காலியெந்தெஸ் வந்தது. வெளியிலிருந்து அவ்வூருக்கு மோட்டார் சாலை இல்லை. அங்கிருந்து இன்கா நகருக்கு மட்டும் பேருந்து வளைந்து வளைந்து ஏறுகிறது.

2,430 மீட்டர் உயரத்தில், முகில் விலகியதும் நகர் தோன்றிற்று. 15-ஆம் நூற்றாண்டில், பச்சகுட்டி மன்னன் காலத்தில் எழுந்த நகர் அது. இரும்பை அறியாத கைகள் கருங்கற்களைச் செதுக்கியுள்ளன. சிறந்த சுவர்களில் சுண்ணச்சாந்து இல்லை. ஒரு கல் அடுத்த கல்லின் வடிவிற்கேற்ப இழைக்கப்பட்டுப் பொருந்தி நிற்கிறது. படிக்கட்டு வயல்களின் அடியில் கல்லும் சரளையும் பரப்பி மழைநீர் வடிய வழி செய்துள்ளனர். ஸ்பானியர் இந்நகரைக் கண்டடையவில்லை, ஆகவே இடிக்கவுமில்லை. அவர்கள் வராததால் பிழைத்த அழகு இது என்று எண்ணுகையில் மகிழ்ச்சியோடு வெட்கமும் என்னைப் பற்றிக்கொண்டது.

1911-இல் ஹைரம் பிங்காம் என்னும் அமெரிக்கர் இந்நகரைக் 'கண்டுபிடித்தார்' என்பர். ஆனால் அவருக்கு வழிகாட்டியவர் மெல்சோர் அர்த்தேயாகா என்னும் உழவர். அந்நாளில் இப்படிக்கட்டு வயல்களில் உழவர் குடும்பங்கள் பயிரிட்டு வாழ்ந்தன. நகருக்குள் பிங்காமை அழைத்துச் சென்றவன் ஒரு சிறுவன். பிங்காம் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்ற பழம்பொருள்கள் ஒரு நூற்றாண்டு கழித்து, 2012-க்குள் பெரு நாட்டிற்குத் திரும்பின.

அமெரிக்காவை வென்றடக்கிய காலத்தில் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட குற்றங்களுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பொலிவியாவில் மன்னிப்பு வேண்டினார். குஸ்கோ ஆலயத்தில் எழாத செபம், அச்சொற்களை நினைவுகூர்ந்தபோது அம்மலைமீது எழுந்தது.

குஸ்கோ திரும்பியதும் மூதாட்டி, "மலை உங்களை ஏற்றுக்கொண்டதா?" என வினவினார்.

"இம்முறை மெதுவாக நடந்தேன், அம்மா" என்றேன்.