வாளி வெறுமையாக வரும் நாட்கள்

ஸ்பெயினின் தலைநகர் மட்ரிட்டிலிருந்து வடமேற்கே செல்லும் புகையிரதத்தில் ஏறினால், ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் ஆவிலா வந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கும் மேலான உயரம். மலைநாடு என்றதும் நமது நுவரெலியாவைப் போலப் பச்சைப் பசேலென்றிருக்கும் என நினைத்துச் செல்பவர்களுக்கு ஏமாற்றம்தான். உருண்டு கிடக்கும் கருங்கற் பாறைகள், காய்ந்த புல், முகத்தில் அறையும் காற்று. பழைய நகரைச் சுற்றி இரண்டரைக் கிலோமீற்றர் நீள மதில். 1985இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது.

பலர் மதிலைப் பார்த்துவிட்டு, புனித தெரேசாவின் பெயரில் விற்கும் முட்டை மஞ்சட்கரு இனிப்பையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். (இரண்டுக்கு மேல் சாப்பிட்டால் திகட்டும்.) ஆனால் மதிலுக்கு வெளியே, வடக்குப் பக்கமாகச் சற்று நடந்தால் மனிதாவதாரக் கன்னியர் மடம் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் அதுதான். 1535இல், இருபது வயதில், தெரேசா இங்கேதான் சேர்ந்தார்.

செபத்தைப் பற்றி எழுதியே புகழ்பெற்றவர் இவர். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் எனப் பட்டம் பெற்ற முதற் பெண்ணும் இவரே. அப்படிப்பட்டவருக்கு இந்த மடத்தில் நீண்ட காலம் செபமே வரவில்லை! செப நேரம் எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்ததை அவரே தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 18 ஆண்டுகள், கையில் புத்தகம் இல்லாமல் செபிக்கத் துணியவில்லையாம். தனக்குத் தகுதியில்லை என்று ஓராண்டுக்கு மேல் தனிச்செபத்தை விட்டும்விட்டார். பணிவு என்ற வேடத்தில் வந்த சோதனை அது என்று பின்னர் உணர்ந்தார்.

வேறு சிலர் கண்ணை மூடினால் ஆண்டவரின் பாடுகள் காட்சியாக வரும். தெரேசாவின் மனம் அப்படிப் படைக்கப்படவில்லை. இருட்டில் ஒருவரோடு பேசுவதைப் போன்றது தன் செபம் என்கிறார்: ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. அந்த மனத்தை அவர் அடித்துத் திருத்த முயலவில்லை. வயலையும் தண்ணீரையும் பூக்களையும் பார்த்தார், படங்களை விரும்பினார், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

செபத்தைத் தோட்டத்துக்கு நீர் இறைப்பதற்கு ஒப்பிட்டார். முதல் வழி, கிணற்றில் வாளியால் அள்ளுவது. யாழ்ப்பாணத்துத் துலாக் கிணற்றில் இறைத்துப் பழகிய நம் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கை சலிக்கும். சில நாட்கள் வாளி வெறுமையாகவே வரும். அப்போதும் கிணற்றடிக்குப் போவதுதான் தோட்டக்காரனின் வேலை. தண்ணீரில்லாமலே பூக்களைக் காப்பது தோட்டத்துக்கு உடையவரின் பொறுப்பு என்கிறார்.

1562இல் மதிலின் கிழக்கே சூசையப்பர் மடத்தைத் தொடங்கிய பின், அங்கிருந்த சகோதரிகளுக்காக ஒரு நூல் எழுதினார். எல்லாரும் ஆழ்ந்த தியானத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் அல்லர் என்று அதில் சொல்கிறார். வாயால் சொல்லும் செபத்தைத் தவிர வேறெதுவும் வராத ஒரு வயதான கன்னியரின் கதையும் அதில் உண்டு. அவர் கவலையோடு தெரேசாவிடம் வந்தார். ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்று அவர் செபிக்கும் விதத்தைக் கேட்டறிந்த தெரேசாவுக்கு, அந்த வாய்ச்செபத்தின் மேல் பொறாமையே வந்துவிட்டதாம்.