பரமசிவன் மலையிலிருந்து ஒரு பார்வை

போடிநாயக்கனூரையொட்டிச் சிறு குன்று ஒன்று உண்டு. பரமசிவன் மலை என்பது அதன் பெயர். உச்சியிலுள்ள சிவாலயத்தை முன்னிட்டுத் தென்திருவண்ணாமலை என வழங்குவாரும் உளர். சித்திரைத் திருவிழாவில் மக்கள் அங்குத் திரளுவர். மற்ற நாட்களில் உடல்நலம் நாடி நடப்போர் காலைக் குளிரில் படியேறுவர். மலையேறிப் பழகாதவரும் ஏறத்தக்க குன்றுதான். ஆயினும், மேலே நின்று சுற்றிலும் நோக்குபவர் அறிய வேண்டியவை பல.

மேற்கே தெரிவது ஏலமலைத் தொடர். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்குச் சாலை செல்கிறது. விடியுமுன்னே தொழிலாளப் பெண்கள் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து கேரளத் தோட்டங்களுக்குப் புறப்படுகின்றனர். அவர்கள் பறித்த ஏலக்காய் போடிக்கு வந்து ஏலத்தில் விலைபோகிறது. நம் வீட்டுப் பாயசத்தின் மணத்தில் அவர்களது வியர்வையும் கலந்திருக்கிறது அன்றோ!

வடமேற்கே குரங்கணி. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாக அவ்வடிவாரத்துக்கு இறங்கியது. இன்று அப்பெயரைக் கேட்டதும் நெஞ்சம் கனக்கிறது. 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களை அங்கே காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். அதனை முந்தி ஓட மனிதக் கால்களால் இயலாது.

தென்மேற்கே பொட்டிபுரம். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களைத் தடுக்கக் கெட்டியான பாறைக் கவசம் வேண்டும். அதற்காகவே மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. நீருக்கும் காட்டுக்கும் கேடு விளையுமோ என மக்கள் அஞ்சினர். புலிகளின் வழித்தடம் கருதி அனுமதிக்க இயலாதெனத் தமிழக அரசு 2022-இல் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அறிவியல் வளரத்தான் வேண்டும். ஆனால் அடிவாரத்தில் வாழ்வோரின் ஐயத்தைச் செவிமடுத்த பின்னரே உளி மலையைத் தொடவேண்டும் என்பது நம் எண்ணம்.

வாசக அன்பர்களே! தொலைவிலிருந்து காண்போர்க்கு மலை வெறும் அழகு. அண்டி வாழ்வோர்க்கோ அது கூலி, குடிநீர், சில வேளை ஆபத்து. குரங்கணிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கொட்டக்குடி ஆறு, போடியின் தாகம் தணித்து வையையை நாடுகிறது. ஆதலின் இப்பக்கம் வருவோர் விருந்தினர்க்குரிய பணிவோடு வருக. கோடையில், புல் காய்ந்த காட்டுக்குள் செல்லற்க. வனத்துறையின் அனுமதியின்றி எக்காலத்தும் நுழையற்க. தீக்குச்சியும் பிளாஸ்டிக் பையும் மலைக்கு வேண்டா. பிள்ளைகளுக்கு மலை காட்ட விரும்பினால், முதலில் பரமசிவன் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். எதிரே தெரியும் சரிவுகளில் உழைப்பவர் யார் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.